கேலாங்கில் கைகொடுத்த பெரியவருக்கு நன்றி

மணாலியிலிருந்து லே செல்லும் வழியில், சந்திரா, பாகா ஆறுகள் கூடும் தாண்டி என்ற ஊரைக் கடந்ததும், 1,10,000 கிலோமீட்டர் ஓடிய என் பைக்கின் பின்சக்கரம் ஆட்டம் கண்டது. கேலாங்கில் சாலையோரம் கடை வைத்திருந்த பெரியவர், சக்கரம் உராயாமல் சுழல உதவும் பேரிங் தேய்ந்திருந்ததைத் தட்டி எடுத்து, சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி, ஈரம் துடைத்து, நான் பையில் வைத்திருந்த புதிய பேரிங்கை அதன் வெளிவளையத்தில் மட்டும் அடி விழுமாறு பொறுமையாக இறக்கினார். உள்வளையத்தில் அடித்தால் பேரிங்கின் உள்ளே இரும்புக் குண்டுகள் ஓடும் தடத்தில் பள்ளம் விழுந்துவிடும். அவசரத்தில் பலரும் செய்யும் பிழை அது. தூசி புகாமல் தடுக்கும் சீலின் விளிம்பில் விரலால் கிரீஸ் தடவி, சக்கரத்தைச் சுழற்றிக் காதுகொடுத்துக் கேட்ட பின்னரே அனுப்பினார். கூலி வாங்க மறுத்த அவரிடம் பெயர்கூடக் கேட்காமல் வந்தது இன்றும் உறுத்துகிறது. ஐயா, அந்தச் சக்கரம் சென்னை வரை ஆடாமல் வந்து சேர்ந்தது. உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி.