வரன் பார்க்கும்போது எதை ஒத்துப் பார்ப்பது: மகளுக்கு ஒரு கடிதம்

சென்னை

அன்பு மகள் தேன்மொழிக்கு,

"எல்லாரும் தங்கள மாதிரியே ஒருத்தரத்தானே கட்டிக்கிறாங்க, ஏம்மா?" என்று கேட்டிருந்தாய். ஃபோனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. உனக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிற நேரம் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

ஒரு ஜோடி ஒன்றுபோல இருப்பதற்கு அவர்களின் விருப்பம் மட்டும் காரணமில்லை. யாரைச் சந்திக்கப் போகிறோம் என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. 1931இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் பதிவான 5000 திருமண உரிமங்களை ஜேம்ஸ் பொசார்ட் என்ற சமூகவியலாளர் எடுத்துப் பார்த்தார். மூன்றில் ஒரு ஜோடி, கல்யாணத்துக்கு முன்பே ஐந்து தெருத் தொலைவுக்குள் குடியிருந்தவர்கள். நம் ஊரிலும் அப்படித்தான். கிண்டியில் இன்ஜினியரிங் படிக்கிற இருவர் காதலித்தால், அவர்களை முதலில் பொருத்திவைத்தது கட்-ஆஃப் மார்க். ஓ.எம்.ஆர். கம்பெனியில் ஒரே டீமில் பழகி மணப்பவர்களுக்குப் படிப்பு, சம்பளம், வயது மூன்றையும் ஹெச்.ஆர். ஏற்கெனவே சலித்துவிட்டிருக்கும். காதல் கல்யாணம் என்பதாலேயே அது முழுச் சுதந்திரத் தேர்வு ஆகிவிடாது.

மேட்ரிமோனி தளத்தில் இந்தச் சல்லடை கண்ணுக்கே தெரியும். கணக்குக்காக 1000 ப்ரொஃபைல் என்று வைத்துக்கொள். வயது வரம்பில் நாலில் ஒன்று தேறினால் 250. சாதி உட்பிரிவு என்ற கட்டத்தில் பத்தில் ஒன்று என்றால் 25. சம்பளத்தில் பாதி போய் 12. நட்சத்திரப் பொருத்தத்தில் இன்னும் பாதி போய் 6. உட்பிரிவை மட்டும் எடுத்துவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே வைத்தால், அந்த ஆறு அறுபதுக்கு மேல் போகிறது. வயதை ஒரு வருடம் தளர்த்துவதிலோ சம்பளத்தைக் கொஞ்சம் குறைப்பதிலோ இவ்வளவு கிடைக்காது. "நல்ல வரனே அமையலை" என்று அலுத்துக்கொள்கிற பல வீடுகள் இந்த ஒரு கட்டத்தைத் தொடுவதே இல்லை.

ஏன் தொடுவதில்லை? அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் கொல்கத்தா நாளிதழ் ஒன்றின் மணமக்கள் விளம்பரங்களை வைத்து இதை ஆராய்ந்தார்கள். படித்த, சம்பாதிக்கிற வரன் சொந்தச் சாதிக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. ஆகவே சாதி பார்ப்பதற்காக யாரும் பெரிதாக எதையும் இழக்க வேண்டியிருப்பதில்லை. படிப்பும் வருமானமும் பெருகினால் சாதி தானாகக் கரையும் என்று காத்திருப்பதில் பயனில்லை என்பதை அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். 2011-12இல் எடுத்த நாடு தழுவிய ஆய்விலும் சாதி மாறி நடந்த திருமணங்கள் நூற்றுக்கு ஐந்து அளவில்தான் இருந்தன.

சரி, எந்த ஒற்றுமை நிஜமாகவே தம்பதிகளிடம் காணப்படுகிறது? 2023இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, நூறாண்டுக்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அரசியல் எண்ணம், மத நம்பிக்கை, படிப்பு இவற்றில் தம்பதிகள் மிக நெருக்கம். உயரத்தில் கொஞ்சம். கலகலப்பா, கூச்சமா என்பது போன்ற குணங்களில் ஒற்றுமை மிகச் சொற்பம். எதிரெதிர் துருவங்கள் ஈர்க்கும் என்கிறார்களே, அதற்கு ஆதாரம் அநேகமாக இல்லை. சேர்ந்து வாழ்ந்து வாழ்ந்து முகமே ஒன்றாகிவிடும் என்று 1987இல் ஓர் ஆய்வு சொன்னது. 2020இல் அதிகம் பேரை வைத்துச் சோதித்தபோது அது நிற்கவில்லை. ஒத்த முகக்காரர்கள் ஆரம்பத்திலேயே ஒத்திருந்தார்கள்.

ஆக, ஒரே சாதி, ஒரே ஊர்ப்பக்கம் என்பது குணம் ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. ஆனால் இரு வீட்டாரும் அப்படி நம்பிக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகு கேட்கவும் முடியாது. நீ இரண்டாவது சந்திப்பிலேயே கேள். அவர் தன் பெற்றோருக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறார், நீ எங்களுக்குக் கொடுத்தால் ஒப்புக்கொள்வாரா? வீட்டுக் கடன், பெர்சனல் லோன் எவ்வளவு பாக்கி, இ.எம்.ஐ. எப்போது முடியும்? குழந்தை எப்போது, வேண்டுமா வேண்டாமா? யாருக்காவது வெளியூர் மாற்றல் வந்தால் யார் வேலையை விடுவது? "அப்போ பாத்துக்கலாம்" என்பது பதிலில்லை. தொகை சொல்லத் தயங்குபவரிடம் இன்னொரு முறை கேள். அப்போதும் நழுவினால் அங்கேயே நிறுத்திக்கொள்.

இன்னொன்று, சொந்தத்திலிருந்து பேச்சு வந்தால். தமிழ்நாட்டில் நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள்தான் நடக்கின்றன. அத்தை மகன், மாமன் மகன் என்றால் எட்டில் ஒரு பங்கு மரபணு பொது. தாய்மாமன் என்றால் நாலில் ஒரு பங்கு. இருவரும் ஒரே நோயின் மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு அந்நோய் வர 25 சதவீத வாய்ப்பு. உறவு இல்லாவிட்டாலும் முழுக்க நிம்மதி கிடையாது. தெற்காசியாவில் 263 சமூகக் குழுக்களை ஆராய்ந்து 2017இல் வந்த ஆய்வில், 81 குழுக்கள் மிகச் சில முன்னோரிடமிருந்து பெருகியவை என்று தெரிந்தது. தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே மணந்ததன் விளைவு இது. அப்படிப்பட்ட குழுவில் சொந்தமில்லாத இருவரும்கூட ஒரே நோயின் மரபணுவைச் சுமக்கலாம்.

ஆகவே யாரைப் பேசி முடிப்பதானாலும் இருவரும் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவரா என்று பாருங்கள். ஹெச்.பி.எல்.சி. என்று கேட்டால் லேபில் எடுப்பார்கள். ஒரு குழாய் ரத்தம் போதும். ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டினால் மரபியல் ஆலோசகரைப் பார்க்க வேண்டும். இரும்புச்சத்து குறைவாக இருந்தால் அந்த அளவு குறைத்துக் காட்டிவிடும்; அதனால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்து எடு. சுமப்பவராக இருப்பது நோய் அல்ல, வரனைத் தட்டிக்கழிக்கக் காரணமும் அல்ல. ஒருவர் மட்டும் சுமந்தால் குழந்தைக்கு நோய் வராது. இருவருமே என்றால் கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் பரிசோதிக்க வழி இருக்கிறது.

உன் ப்ரொஃபைலில் உட்பிரிவு என்ற இடத்தில் "எதுவானாலும்" என்று மாற்றிவிடு. அப்பாவிடம் பேசிவிட்டேன், அவருக்கும் முழுச் சம்மதம். பெரியப்பா வீட்டில் கேட்டால் நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

அன்புடன்,
அம்மா