ஜப்பானின் நோட்டோவில் இருக்கும் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

டிசம்பர் 5ஆம் தேதி ஆயேனொகொதோ சடங்குக்கு வருகிறேன். வீடு இடிந்த பிறகும், தற்காலிகக் குடியிருப்பின் சிறிய அறையிலேயே அத்தான் அதைச் செய்யப்போகிறார் என்று நீ எழுதியதைப் படித்த பின் மறுக்க மனம் வரவில்லை. அறுவடை முடிந்ததும் வயல் தெய்வத்தை வீட்டுக்கு அழைத்து, பிப்ரவரி 9ஆம் தேதி வழியனுப்பும் வரை குளிர்காலம் முழுவதும் தங்கவைக்கும் சடங்கு அது என்று இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். யுனெஸ்கோ 2009இல் அதைத் தன் பட்டியலில் சேர்த்தது உன் அடுப்படி வேலையில் ஒரு கைப்பிடியையும் குறைக்கவில்லை.

முன்பு நான் வந்திருந்த அன்று அத்தான் குலமுத்திரை பொறித்த கிமோனோவுடன் குளியலறை வாசலில் மண்டியிட்டு, சூடு போதுமா என்று ஆளில்லாத தொட்டியைப் பார்த்துக் கேட்டார். பதிலுக்குக் காத்திருப்பவர்போல் சற்று நேரம் பேசாமலும் இருந்தார். நெற்கதிர் குத்திப் பார்வை போன தெய்வம் என்பதால், அது தங்கும் விதைநெல் மூட்டைகளுக்கு முன் தெய்வத் தம்பதிக்காக வைத்த இரண்டு படையல்களையும் அவர் வாய்விட்டுச் சொன்னார்: இது சிவப்புப் பயறு கலந்த சோறு, இது தலையும் வாலும் முழுதாக உள்ள மீன், இது இரட்டைக்கால் முள்ளங்கி. அத்தனையும் சமைத்த நீ நகர்த்துகதவுக்குப் பின்னால் ஈரக் கையோடு நின்றாய். உன்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

அம்மாவுக்கும் கடைசியில் பார்வை இல்லை. தட்டில் என்ன இருக்கிறது என்று அவளுக்குச் சொல்ல நீ வரவில்லை. வேலைக்கு ஓடும் அவசரத்தில் நானும் பல நாள் பேசாமல் ஊட்டியிருக்கிறேன். ஆனால் நான் பக்கத்தில் இருந்தேன். நீ வராததற்கான காரணம் நமக்குத் தெரியும், அதை இங்கே எழுதப்போவதில்லை.

2024 ஜனவரி 1ஆம் தேதி நிலம் நடுங்கியபோது தெய்வம் உங்கள் வீட்டில்தான் இருந்தது. அத்தான் இடிபாட்டுக்குள் திரும்பிப் போய் விதைநெல்லை இழுத்து வந்ததை நீ சொன்னபோது, மனிதர் உயிரைவிட நெல் பெரிதா என்று தொலைபேசியில் கத்தினேன். அதற்கு மன்னித்துவிடு, அத்தானிடமும் சொல். ஆனாலும் அவர் போயிருக்கக் கூடாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அம்மாவின் திதி அந்த வாரத்தில் வருவதால் 6ஆம் தேதியே கிளம்பிவிடுவேன். இருந்துவிட்டுப் போ என்று வற்புறுத்தாதே.

உன் தம்பி