கொள்ளிடம் பழைய பாலம்: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பா,

போனில் "கொள்ளிடம் இரும்புப் பாலம் நிக்குதாடா?" என்று கேட்டீர்கள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வெயிலைப் பற்றிப் பேசிச் சமாளித்துவிட்டேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

திருச்சியில் 1928இல் கட்டிய பாலம். தாத்தா அடிக்கடி சொல்லும் 1924 வெள்ளத்துக்கு நாலு வருடம் இளையது, மேட்டூர் அணைக்கு ஆறு வருடம் மூத்தது. திருவானைக்கோவிலிலிருந்து டோல்கேட்டுக்கு என்னை சைக்கிள் பாரில் வைத்து மிதிப்பீர்களே, எதிரே லாரி வந்தால் இறங்கிக் கம்பியோடு ஒட்டி நிற்போம். காலுக்கடியில் லேசாக அதிரும். "அதிரலைன்னாத்தான்டா பயப்படணும்" என்பீர்கள்.

2016இல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள். பழையதில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். சரி, பெரியவருக்கு ஓய்வு என்று நினைத்தோம். 2018 ஆகஸ்ட்டில் மேட்டூர் நிரம்பி வழிந்து கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது தூண்கள் இறங்கி, மேலே இருந்ததும் ஆற்றில் சரிந்தது. அதே மாதம் 22ஆம் தேதி முக்கொம்பு அணையில் ஒன்பது மதகுகள் உடைந்தன. எல்லோரும் அதைப் பார்க்க ஓடினார்கள், பாலத்தைப் பற்றிய பேச்சு அத்தோடு போயிற்று. மிச்சத்தை அப்புறம் இடித்துவிட்டார்கள்.

வயசாகி விழுந்தது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காவிரி தாங்காத தண்ணீரைத் தள்ளிவிடும் வடிகால்தான் கொள்ளிடம். மாசக்கணக்கில் மணலாகக் கிடக்கும், வந்தால் ஒரேயடியாக வரும். அந்த வேகத்தில் தண்ணீர் தூணைச் சுற்றிச் சுழன்று அடியில் பள்ளம் பறிக்கும். தூணைப் பிடித்து நிறுத்துவது சுற்றியுள்ள மணல்தான். அதை லாரி லாரியாக அள்ளினால் ஆற்றுப் படுகை இறங்கும், கண்ணுக்குத் தெரியக் கூடாத அஸ்திவாரம் வெளியே தெரியும். நாம் மேலே அதிர்வதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

புதுப் பாலத்துக்கும் இதே ஆறுதான். 2024 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் கீழே கட்டிய தடுப்புச் சுவர் இடிந்து அடித்துக்கொண்டு போனது. பக்கத்தில் ஆற்றுக்குள் நின்ற உயர் மின் கோபுரமும் சாய்ந்தது.

அடுத்த முறை ஆடியில் வராதீர்கள். பங்குனியில் வாருங்கள், தண்ணீர் இருக்காது. ஆற்றுக்குள் இறங்கி நடந்து, புதுப் பாலத் தூண்களின் அடியைக் காட்டுகிறேன்.

உங்கள் அண்ணன் மகன்