சைடுகார் புல்லட்டுக்கு நீங்கள் விற்ற முன் பிரேக் செட் பற்றிய புகார்

அனுப்புநர்:
பில்லில் கண்ட முகவரியில் உள்ள வாடிக்கையாளர்,
சேலம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ‘சைடுகார் வண்டிக்கு ஏற்றது’ என்று விற்ற 7 அங்குல முன் பிரேக் செட் – குறைபாடு – வாரண்டி மறுப்பு – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். என்னிடம் இருப்பது 1974ஆம் ஆண்டு புல்லட் 350. திருவொற்றியூரில் செய்த வண்டி. இடது பக்கம் சைடுகார் உண்டு, அது ஆர்.சி. புத்தகத்திலும் ஏறியிருக்கிறது. வண்டியோடு வந்த முன் பிரேக் 6 அங்குல டிரம். ஒருவர் மட்டும் ஓட்டிப் போனாலே அது சுமாராகத்தான் பிடிக்கும். சைடுகாரில் அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு ஏற்காடு மலையிலிருந்து இறங்குகிறவனுக்கு அது போதாது.

டிஸ்க் போடச் சொன்னவர்கள் பலர். பழைய ஃபோர்க்கில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரை மாட்ட இடமே கிடையாது. ஃபோர்க்கையே மாற்ற வேண்டிவரும். அதனால்தான் உங்கள் ‘ட்வின் லீடிங் ஷூ’ (ஷூ என்பது டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த கட்டை) செட்டை ஹப், டிரம், பிளேட், ஷூ, லிங்க் ராடு எல்லாம் சேர்த்து 9,440 ரூபாய்க்கு வாங்கினேன். உங்கள் விற்பனைப் பக்கத்தில் ‘பழைய புல்லட், சைடுகார் வண்டி இரண்டுக்கும் ஏற்றது’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் வாங்கினேன். அதன் படத்தை இணைத்திருக்கிறேன்.

பழைய சக்கரத்தைக் கலைக்காமல், வேறு ரிம் வாங்கி உங்கள் ஹப்பில் ஸ்போக் கட்டி மாட்டினோம். பிரேக் பிடிக்கவில்லை என்று மொத்தமாகச் சொல்லிவிட முடியாது. பிடித்த விதம்தான் பயமாக இருந்தது. லிவரை மெல்ல அழுத்தினால் ஒன்றும் தெரியாது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் பாதி பிடிப்பு. அதற்கும் மேலே போனால் திடீரென்று கவ்வும்.

சைடுகார் ஓட்டாதவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. முன் பிரேக்கைப் பிடிக்கும்போது வண்டி நிற்கப் பார்க்கும், சைடுகாரோ முன்னே போகப் பார்க்கும். ஹேண்டில் வலது பக்கம் இழுக்கும். பிடிப்பு சீராக ஏறினால் கையாலேயே சமாளித்துவிடலாம், அது பழக்கம்தான். திடீரென்று கவ்வினால் வண்டி நேராக எதிர்த் தடத்துக்குப் போகும். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வரும் தடம் அது.

சக்கரத்தைக் கழற்றி, இரண்டு ஷூ லைனிங்கிலும் (ஷூவின் மேல் ஒட்டிய உராய்வுப் பட்டை) சாக்பீஸைத் தேய்த்து, மறுபடி மாட்டிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு லேசாக பிரேக் பிடித்துப் பார்த்தோம். திறந்தபோது ஒரு ஷூவில் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் சாக்பீஸ் அழிந்திருந்தது. இரு முனைகளிலும் வெள்ளை அப்படியே இருந்தது. இன்னொரு ஷூவில் போட்டபடியே இருந்தது, டிரம்மைத் தொட்டதற்கு அடையாளமே இல்லை.

முதலாவது குறை லைனிங்கின் வளைவு. அது டிரம்மின் வளைவோடு பொருந்தவில்லை. லேத்தில் கடைந்து சரி செய்யலாம்தான், ஆனால் ‘அப்படியே மாட்டலாம்’ என்று விற்ற புதுச் சரக்குக்கு நான் ஏன் லேத்துக்கு அலைய வேண்டும்? அதைக்கூட விட்டுவிடுகிறேன். இரண்டாவதுதான் முக்கியம். இந்த வகை பிரேக்கில் ஷூவை விரிக்கும் கேம் இரண்டு, அவற்றைத் திருப்பும் லிவர் இரண்டு. சுற்றுகிற டிரம்மே ஒவ்வொரு ஷூவையும் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கும், அதுதான் இதன் பலம். ஆனால் இரண்டு கேமும் ஒரே நேரத்தில் விரிய வேண்டும். அதற்காகவே லிவர்களை இணைக்கும் லிங்க் ராடில் மரை இருக்கும். நீளத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்வோம். நீங்கள் அனுப்பிய ராடில் மரையே இல்லை. ஒரே துண்டுக் கம்பி, இரு முனையும் தட்டையாக அடித்து ஓட்டை போட்டது. நீளத்தை மாற்ற வழியே இல்லை. அதனால் இரண்டாவது ஷூ தாமதமாக வந்து ஒரேயடியாகக் கவ்வுகிறது.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். மேட்டில் வண்டி பின்னோக்கி உருளும்போது இந்த பிரேக் சரியாகப் பிடிக்காது. ட்வின் லீடிங் ஷூவின் இயல்பே அப்படித்தான், அதை உங்கள் தலையில் கட்டவில்லை. மேட்டில் நிறுத்த எனக்குப் பின் பிரேக் இருக்கிறது.

இதையெல்லாம் படத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ‘ஓட ஓட செட் ஆகிவிடும்’ என்று முதல் பதில். மரையில்லாத கம்பி எத்தனை கிலோமீட்டர் ஓடினால் மரை முளைக்கும் என்று கேட்டேன். அப்புறம் ‘மெக்கானிக் மாட்டியது தப்பு’ என்றார்கள். கடைசியாக வந்ததுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்: ‘சைடுகார் பொருத்திய வண்டிகளுக்கு வாரண்டி பொருந்தாது.’

விற்கும்போது சைடுகாருக்கு ஏற்றது, குறை சொன்னால் சைடுகார் என்பதால் வாரண்டி இல்லை. இரண்டும் உங்கள் நிறுவனத்தின் எழுத்துதான், இரண்டும் என்னிடம் இருக்கிறது. போதாக்குறைக்கு, அட்டைப்பெட்டியில் தயாரிப்பாளர் பெயரும் இல்லை, தயாரித்த மாதமும் இல்லை. 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி இரண்டும் இருக்க வேண்டும்.

நான் கேட்பது: செட்டின் விலை 9,440 ரூபாய், ஸ்போக் கட்டிய கூலி 1,200 ரூபாய், ஆக மொத்தம் 10,640 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். சரியான லிங்க் ராடு மட்டும் அனுப்புகிறோம் என்று உங்கள் ஊழியர் போனில் சொன்னார். அந்த லைனிங்கைப் பார்த்த பிறகு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, வேண்டாம். ‘சைடுகார் வண்டிக்கு ஏற்றது’ என்ற விளம்பர வரியையும் எடுத்துவிடுங்கள், அல்லது சைடுகார் வண்டிக்கு வாரண்டி கொடுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் இல்லையென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். உங்கள் ஊருக்கு நான் வர வேண்டியதில்லை.

செட்டைக் கழற்றி, வந்த பெட்டியிலேயே கட்டி வைத்திருக்கிறேன். கூரியர் ஆளை உங்கள் செலவில் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி கொஞ்சம் கனம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், விற்பனைப் பக்கத்தின் படம், சாக்பீஸ் சோதனைப் படங்கள், லிங்க் ராடின் படம், வாட்ஸ்அப் உரையாடல்.