தென்னையில் கட்டிய கம்பி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரம் முன்பு இதே பகுதியில் நாகர்கோவில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். மாடியிலும் மரத்திலும் கண்டமேனிக்கு ரேடியோ கம்பி கட்டுகிறார்கள், இடி விழுகிறது, டி.வி. படம் கெடுகிறது, பிள்ளைகளுக்குக் கதிர்வீச்சு, அதிகாரிகள் கண்டுகொள்வதில்லை என்று வருத்தப்பட்டிருந்தார். யாரை மனதில் வைத்து எழுதினாரோ தெரியாது. அப்படிக் கம்பி கட்டியவர்களில் நானும் ஒருவன். இந்த மாவட்டத்தில் எங்கள் ஆட்கள், அதாவது ஹாம் ரேடியோக்காரர்கள், கொஞ்சம்தான், அதனால் பதிலை நானே எழுதிவிடுகிறேன்.

திங்கள்சந்தையில் 31 வருஷம் ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை நடத்தினேன். கொழும்பு வானொலி கேட்டு வளர்ந்தவன். கேட்டது போதும், நாமும் பேசலாமே என்று ஆசை வந்து, திருவனந்தபுரம் போய்ப் பரீட்சை எழுதி ஹாம் உரிமம் வாங்கினேன். ஹாம் என்றால் அமெச்சூர் ரேடியோ, பொழுதுபோக்காகச் சொந்தச் செட்டில் ஒருவரோடு ஒருவர் பேசுவது. அது திருட்டு வேலை அல்ல. 1978ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசு தரும் உரிமம் அது. 12 வயது ஆனவர்கள் பரீட்சை எழுதலாம். முதல் படி உரிமத்துக்கு மோர்ஸ் தந்தி தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. உரிமம் இல்லாமல் இணையத்தில் வாக்கிடாக்கி வாங்கிப் பேசுகிறார்களே, அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருநாள் மதில்மேல் சாய்ந்துகொண்டு, "அண்ணாச்சி, ஒங்களுக்க கம்பி இடிய இழுக்கும், அழிச்சுப் போடுங்க" என்றார். அப்புறம் மனுவும் போனது. வந்து பார்த்த அலுவலர் நல்ல மனுஷர்தான், ஆனால் "டவருக்கு அனுமதி வாங்கினீங்களா?" என்று கேட்டார். டவரை எங்கே காட்டுவது? இரண்டு தென்னைக்கு நடுவே வீட்டு வயரிங்குக்குப் போடுகிற 1.5 ஸ்கொயர் வயர் தொங்குகிறது, அவ்வளவுதான். துணி காயப்போடுகிற கொடிக்கும் அதற்கும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் கிடையாது. சண்டை வேண்டாம் என்று அன்றைக்கே இறக்கிவிட்டேன்.

அந்தக் கம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், என்னவோ ஏதோ என்று பயப்படுகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும். பெயர் டைபோல், நடுவில் வெட்டி இரண்டு பக்கமும் நீட்டிக் கட்டுகிற ஆண்டெனா. 142.5ஐ அலைவரிசை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர், அதாவது பக்கத்துக்குப் பத்து. கொஞ்சம் கூடுதலாக வெட்டி, அளக்கிற மீட்டர் கருவியைப் பார்த்துப் பார்த்து நுனியை நறுக்கிக் குறைக்க வேண்டும். முதலிலேயே சரியாக வெட்டுகிறேன் பேர்வழி என்று குறைத்து வெட்டிவிட்டு விழித்ததும் உண்டு. நடுவில் பிடிக்க, உடைந்துபோன பிளாஸ்டிக் காய்கறிப் பலகையில் ஒரு துண்டு. கீழே இறங்குவது பழைய கேபிள் டி.வி. ஒயர். டைபோலுக்கும் அதற்கும் ஓம் கணக்கு, அதாவது மின்னெதிர்ப்பு, ஏறக்குறைய ஒத்துப்போகும், என்னைப் போலக் குறைந்த வாட்டில் பேசுகிறவனுக்கு அது போதும். அதையே நாலு இஞ்ச் பி.வி.சி. குழாயில் பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டால், கேபிளின் வெளித்தோல் வழியாக அலை வீட்டுக்குள் திரும்பி வராது. மேலே இணைப்பில் தண்ணீர் இறங்காமல் இருக்க சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து இழுத்துச் சுற்றுவேன். குளச்சல் காற்றின் உப்புக்கு இரண்டே மழைக்காலத்தில் செம்பு பச்சை பூத்துவிடும்.

மரத்தில் ஏற்றுவதுதான் பெரும்பாடு. தென்னை ஏற ஆள் கிடைக்காத காலம் இது. தூண்டில் போடுகிற தங்கூஸில் ஈயக்குண்டு கட்டி, கவட்டையால் (உண்டிவில்தான்) மட்டைக்கு மேலே அடித்து விடுவேன். அந்தப் பக்கம் விழுந்ததும் அதில் நைலான் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம். முதல் தடவை இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டிவிட்டு ராஜா மாதிரி உட்கார்ந்தேன். ஆடிக்காற்றில் மரம் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் ஆட, மூன்றாம் நாள் கம்பி பட்டென்று அறுந்து தொழுவத்துக் கூரையில் கிடந்தது. இப்போது ஒரு முனையை மட்டும் கட்டுகிறேன். மறுமுனைக் கயிறு கப்பி வழியாக இறங்கி, மணல் நிரப்பிய அஞ்சு லிட்டர் கேனில் முடியும். மரம் ஆடினால் கேன் ஏறி இறங்கும், கம்பிக்கு ஒன்றும் ஆகாது. ஓகி புயலிலேயே அந்தக் கம்பி அறவில்லை. ஒரு தென்னையின் குருத்து முறிந்தது, கம்பி நின்றது.

இடி விஷயத்தில் அந்த வாசகரின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். எங்கள் தென்னை 15 மீட்டர் இருக்கும், கம்பி தொங்கியது 8 மீட்டரில்தான். இடிக்கு வேண்டியது உயரம். அதற்கு என் கம்பியைவிட அவர் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டிதான் கண்ணில் படும். ஆனால் பக்கத்தில் எங்காவது விழுந்தாலும் அதன் வீச்சு கம்பி வழியாக வீட்டுக்குள் வரும், அது உண்மை. அதனால்தான் மலைப்பக்கம் கறுத்ததும் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுகிறேன். வெளியே எர்த் கம்பியும் அடித்திருக்கிறேன். ஆபத்து என்றால் அது என் செட்டுக்கும் எனக்கும்தான்.

கதிர்வீச்சுக்கு வருவோம். என் செட் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வகை. உலகம் முழுக்கப் பார்த்துச் செய்கிறார்கள். சாதாரணக் கடையில் கிடைக்கிற சாமான்களை வைத்தே செய்துவிடலாம் என்பதுதான் அதன் அழகு. கம்பிச்சுருள் சுற்ற வெளிநாட்டு வளையம் கிடைக்காவிட்டால், தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற பிளாஸ்டிக் வாஷரில் சுற்றலாம் என்று சொன்ன மனுஷர் அவர்! நானும் ஹார்டுவேர் கடையில் வாஷர் வாங்கித்தான் சுற்றினேன். அது வெளியே விடுவது ஏழு வாட். பூஜை அறையில் எரிகிற பல்பு அளவு.

டி.வி. கெடுகிறது என்பதற்கு மட்டும் கொஞ்சம் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். டிஷ் இருப்பது எங்கோ மேலே உள்ள அலைவரிசையில். என் ஏழு மெகாஹெர்ட்ஸ் அதன் பக்கத்திலேயே போகாது. உண்மையில் தொந்தரவு எதிர்த்திசையில்தான். தினமும் சாயங்காலம் ஆறரைக்கு என் செட்டில் கர்ரென்று இரைச்சல் தொடங்கும், பத்தரைக்கு நிற்கும். ஒருநாள் சின்ன டிரான்சிஸ்டரை மீடியம் வேவில், ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு தெருவில் மெதுவாக நடந்தேன். இரைச்சல் கூடக்கூட எந்தப் பக்கம் என்று தெரியும். மனு போட்ட தம்பி வீட்டு வாசலுக்குப் போனதும் டிரான்சிஸ்டர் அலறியது. வராந்தாவில் மலிவு விலை எல்.இ.டி. பல்பு. கடையிலிருந்து நல்ல பல்பு ஒன்று வாங்கிக் கொடுத்து, "இதப் போடுங்க தம்பி, கண்ணுக்கு நல்லது" என்றேன். போட்டார். இரைச்சல் போயிற்று. மனுவை வாபஸ் வாங்கச் சொல்லவில்லை, அவரும் வாங்கவில்லை.

சரி, இதெல்லாம் என் வீட்டுக் கதை. நான் எழுத உட்கார்ந்த காரணம் வேறு.

2017 நவம்பர் 30 காலை ஓகி புயல் அடித்தபோது எங்கள் தெருவில் கம்பமெல்லாம் படுத்துவிட்டது. செல்போன் டவர்கள் பேட்டரி இருக்கும் வரை மூச்சுவிட்டன, அப்புறம் செத்தன. நான் ஜீப் பேட்டரியில் செட்டைப் போட்டு, கோயம்புத்தூர் நண்பர் ஒருவரைப் பிடித்தேன். தெருவில் எட்டு வீட்டுக்காரர்கள் பேப்பரில் பிள்ளைகளின் போன் நம்பரும் 'நாங்கள் சுகம்' என்ற ஒரு வரியும் எழுதித் தந்தார்கள். நான் வாசிக்க, அவர் எழுதிக்கொண்டு சென்னைக்கும் துபாய்க்கும் கூப்பிட்டுச் சொன்னார். மனு போட்ட தம்பியின் அம்மா எழுதிய சீட்டும் அதில் ஒன்று.

ஏழு வாட் கோயம்புத்தூருக்கு எப்படிப் போகிறது என்று கேட்பீர்கள். தாழ்வாகக் கட்டிய டைபோல் நேரே மேலே வீசும். முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலம், அதாவது மின்னேறிய காற்றடுக்கு, அதைத் திருப்பிக் கீழே தெளிக்கும். சுற்றிலும் முந்நூறு நானூறு கிலோமீட்டருக்குக் குடை விரித்த மாதிரி. நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன! பொழுது சாய்ந்தபின் சில நாள் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல நடுங்கும். பூமியின் காந்த நடுக்கோடு நம் பக்கமாகப் போவதால் வருவது அது. 1963இல் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் ராக்கெட் விட்டதும் அந்தக் கோட்டுக்காகத்தான்.

ஓகியின்போது ஆழ்கடலில் மீன்பிடிக்கப் போயிருந்த தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பிள்ளைகளை ஹாம் ரேடியோ காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. படகில் இருப்பது வி.எச்.எப். செட். அது கண்பார்வைத் தூரத்துக்குத்தான். கரையில் 25 மீட்டர்க் கம்பமும் படகில் 4 மீட்டர் ஆண்டெனாவும் இருந்தால், பூமியின் வளைவு ஏறக்குறைய 29 கிலோமீட்டரில் மறைத்துவிடும். அவர்கள் போயிருந்ததோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அதற்கு வேறு கருவி வேண்டும், அது வேறு பேச்சு. என் பேச்சு கரையைப் பற்றி. அந்த நாட்களில் ஒரு கடற்கரை ஊரிலிருந்து எத்தனை பேர் போயிருக்கிறார்கள், எத்தனை படகு திரும்பியிருக்கிறது என்ற கணக்கைக்கூட நாகர்கோவிலுக்கு ஆள்தான் சுமந்துகொண்டு போக வேண்டியிருந்தது, அதுவும் மரம் விழுந்து கிடந்த ரோட்டில். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமானில் போன் அறுந்தபோது, ஹாம் ரேடியோவுக்காகப் போர்ட் பிளேர் போயிருந்த பாரதி பிரசாத் குழுவினர் அங்கிருந்தே செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையில் செட்டும் கம்பியும் முன்பே இருந்தன, விஷயம் அதுதான். புயல் வந்தபின் கவட்டையோடு மரத்தடியில் நிற்க முடியாது.

நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை ஒவ்வொரு கடற்கரை ஊரிலும் பள்ளிக்கூடத்திலோ கோயில் மண்டபத்திலோ ஒரு டைபோல், ஒரு பேட்டரி, ஒரு செட், பரீட்சை எழுதி உரிமம் வாங்கிய இரண்டு பிள்ளைகள். மாவட்ட நிர்வாகம் இதைச் செய்யலாம். கம்பி, கேபிள், கயிறு எல்லாம் சேர்த்து எனக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குள்தான் ஆயிற்று. செட் அதைவிடக் கூடும், ஆனால் ஒரு விழாப் பந்தல் செலவுக்கு வராது. கம்பி கட்டவும் பரீட்சைக்குச் சொல்லிக்கொடுக்கவும் நான் வருகிறேன். பஸ் கூலிகூட வேண்டாம், சாயா கிடைத்தால் போதும். பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள். கடையில் என்னிடம் வேலை கற்றவர்களில் சால்டரிங் சுத்தமாகச் செய்தது ஒரு பெண்தான்.

கடிதம் எழுதிய வாசகருக்கு: ஞாயிற்றுக்கிழமை காலை கம்பியை மறுபடி ஏற்றப் போகிறேன். ஐப்பசி மழைக்கு முன் ஏற்றியாக வேண்டும். பக்கத்து வீட்டுத் தம்பிதான் மணல் கேனைப் பிடிக்கிறேன் என்றிருக்கிறார். நீங்களும் வந்து பார்த்துவிட்டு, வேண்டுமானால் இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரேடியோ மெக்கானிக்,
திங்கள்சந்தை, கன்னியாகுமரி மாவட்டம்.