ஏழாம் பக்கத்தை எடுத்துவிடுங்கள்

மருத்துவம் படிக்கத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளை மணிலாவுக்கு அனுப்பிவைக்கும் ஆலோசனை நிறுவனத்தாருக்கு வணக்கம்.

உங்கள் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நான் யார் என்பது உங்களுக்குத் தெரியும். மணிலாவின் லாஸ் பின்யாஸ் பகுதியில் உங்கள் பிள்ளைகளுக்கு ஒன்பது வருஷமாகச் சோறு போடும் மெஸ்காரி. போன மாதம் என் மெஸ்ஸில் நடந்ததும் உங்கள் காதுக்கு வந்துவிட்டது. இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் "பேசிக்கலாம் மேடம்" என்றீர்கள். ஒரு மாதமாகியும் யாரும் பேசவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

விமானம் ஏறும் முன்னால் பிள்ளைகளுக்கு நீங்கள் கொடுக்கும் கையேட்டில் ஏழாம் பக்கத்துக்கு 'உள்ளூர் மக்கள்' என்று தலைப்பு. எதற்கும் சரி சரி என்பார்கள், நம்பாதீர்கள். நேரம் தவறுவார்கள். சோம்பேறிகள். சொந்தக் கலாசாரம் கிடையாது, பாதி ஸ்பெயின், பாதி அமெரிக்கா. கொஞ்சம் சத்தம் போட்டால்தான் வேலை நடக்கும். மொத்தம் ஐந்தே வரி.

அந்தக் கடைசி வரியை இந்த வருஷம் வந்த ஒரு பையன் அப்படியே நம்பிவிட்டான். ராத்திரி சாப்பாட்டு நேரம். நாற்பது பேர் இருந்தார்கள். தனக்குச் சப்பாத்தி வேண்டும் என்று காலையில் சொன்னானாம், என் மெஸ்ஸில் வேலை பார்த்த இந்த ஊர் அம்மா ஆத்தே சரி என்றாராம், ராத்திரி சோறுதான் வந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று, விரலை நீட்டி, காது கேட்காதா என்று இங்கிலீஷில் கத்தினான். அவனுக்குப் பதினெட்டு வயது. ஆத்தேக்கு ஐம்பத்து மூன்று. அவர் சிரித்தார். "பசென்ஸ்யா நா போ" என்றார். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அப்புறம் நாற்பது தட்டையும் கழுவி அடுக்கினார், ஏப்ரனை நான்காக மடித்து அரிசி மூட்டையின் மேல் வைத்தார், போனார். மறுநாள் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

ஆத்தே என்பது அவருடைய பெயரில்லை. இங்கே அக்கா என்பதற்கு அதுதான் சொல். நம் காதுக்கு ஆத்தா என்பது போலக் கேட்பதால், என் மெஸ்ஸுக்கு வரும் தென்மாவட்டப் பிள்ளைகளுக்கு முதல் நாளே வாயில் ஒட்டிக்கொள்ளும்.

இதை நான் பெரிதுபடுத்துகிறேன் என்று உங்கள் அலுவலகத்துத் தம்பி சொன்னார். ஒரு வார்த்தை கோபத்தில் வந்தது, அதற்குப் போய் வேலையை விடுவார்களா என்று கேட்டார். அவருக்காகச் சொல்கிறேன்.

அன்றைக்கு அதே மேசையில் இன்னொரு பையனும் இருந்தான். எம்.டி. (நம் ஊர் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இங்கே அதுதான் பெயர்) இரண்டாம் வருஷம், அவனும் நீங்கள் அனுப்பியவன்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழைக்காலத்தில் அவனுக்கு டெங்கு. இரத்தத் தட்டணுக்கள் மளமளவென்று இறங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இங்கே நோயாளியோடு ஒருவர் இருக்க வேண்டும். அவரை 'பந்தாய்' என்பார்கள், காவல் இருப்பவர். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடுவது, கஞ்சி ஊட்டுவது, சலைன் தீர்ந்தால் நர்ஸைக் கூப்பிடுவது எல்லாம் பந்தாயின் வேலை. இவனுக்கு யார் இருக்கிறார்கள்? கூட இருந்த பிள்ளைகளுக்குப் பரீட்சை. எனக்கு அடுப்பு. உங்களுக்குப் போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆத்தேதான் போனார். நாலு ராத்திரி. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். காலையில் பாக்கோரில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, இஞ்சி தட்டிப் போட்ட கோழிக் கஞ்சியை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு ஜீப்னி (நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி இங்கே ஓடும் வண்டி) பிடித்துத் திரும்புவார். ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற இடத்தில் 'தீத்தா' என்று எழுதியிருந்தார். சித்தி, அத்தை எல்லாவற்றுக்கும் இங்கே அந்த ஒரு சொல்தான். அந்தத் தாளை நானே கண்ணால் பார்த்தேன்.

பையன் தேறியதும் அவனுடைய அப்பா பணம் அனுப்பினார். நல்ல மனுஷர், நன்றியோடுதான் அனுப்பினார். ஆத்தே உறையைத் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டேன். "என் மகள் ரியாத்தில் வேலை பார்க்கிறாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் யாராவது பக்கத்தில் உட்காருவார்கள் இல்லையா?" என்றார்.

அந்தப் பையன் அன்று ராத்திரி வாயைத் திறக்கவில்லை. தலையைக் குனிந்து ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆத்தேயின் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார், ரொட்டி கொடுத்தார், மெஸ் எப்படி நடக்கிறது என்று விசாரித்தார். நான் கிளம்பும் நேரத்தில்தான் சொன்னார்: "கத்தினவன் புதுசு, அவனுக்கு ஒன்றும் தெரியாது. மற்றவனுக்குத் தெரியுமே."

இங்கே 'ஊதாங் நா லோஓப்' என்று ஒன்று உண்டு. ஊதாங் என்றால் கடன், லோஓப் என்றால் உள்ளே. உள்ளத்தில் பட்ட கடன். மொய் நோட்டில் எழுதி, அடுத்த கல்யாணத்தில் ஐந்நூறுக்கு ஐந்நூறு என்று தீர்த்துவிடுகிற கடன் இல்லை. பணம் கொடுத்தால் அடையாது. பணத்தை நீட்டினால் உறவை முடித்துக்கொள்ளப் பார்க்கிறாய் என்றுகூட ஆகிவிடும். எதிர்பார்ப்பது ஒன்றுதான்: நினைத்துப் பார்ப்பது, வேண்டிய நேரத்தில் கூட நிற்பது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்த்த பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க எவ்வளவு நேரம் ஆகும்? உங்கள் கையேட்டில் இதற்கு ஒரு வரி இடமில்லை. அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று 'ஹியா'. வெட்கம் என்று சொல்லலாம், ஆனால் நாணம், மானம், கூச்சம் மூன்றும் அதற்குள் இருக்கின்றன. நாலு பேர் முன்னால் ஒருவரைக் கூசவைப்பது இங்கே பெரிய பாவம். தப்பு செய்த வேலைக்காரரைக்கூடத் தனியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். முகத்துக்கு இவர்கள் வைத்திருக்கும் சொல் 'முகா'. சமஸ்கிருதத்திலிருந்து வந்த சொல், நம் முகம்தான். அந்த முகத்தை முறிக்கக் கூடாது என்பதில் எவ்வளவு கவனம் என்று ஒன்பது வருஷமாகப் பார்க்கிறேன். ஆத்தே சிரித்தது பயத்தில் இல்லை. கத்தினவனின் முகத்தையும் சேர்த்துக் காப்பாற்றத்தான் சிரித்தார். இவர்கள் ஒருவரைத் திட்டும் கடுமையான வார்த்தைகளில் ஒன்று 'வாலாங் ஹியா', வெட்கம் கெட்டவன். அதைச் சொல்ல அன்றைக்கு அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. சொல்லவில்லை.

அப்புறம் அந்தச் 'சரி சரி'. பொய் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, நம் ஊரில் பெண் பார்த்துவிட்டு 'போய் லெட்டர் போடறோம்' என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் பொய்யர்களா? கடன் கேட்டவரிடம் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? இங்கேயும் அப்படித்தான். குரல் எப்படி இறங்குகிறது, கண் எங்கே போகிறது என்று பார்த்தால் ஆமாமா இல்லையா என்று புரியும். அப்படிக் குறிப்பறிவதற்கே 'பகிகிராம்தாம்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அன்று காலை ஆத்தே 'சரி' என்றது, மேடம் வந்ததும் கேட்கிறேன் என்பதற்கு. நான் மதியம் முழுக்க வெளியே இருந்தேன். தப்பு என்னுடையது.

சோம்பேறிகள் என்ற வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே பழியை ஸ்பானியர்கள் சொன்னபோது இந்த நாட்டுத் தேசிய நாயகர் ஹோசே ரிசால் 1890இல் 'லா சோலிதாரிதாத்' பத்திரிகையில் தொடர் கட்டுரையாகவே பதில் எழுதினார். கட்டாய உழைப்பை வாங்கி, விளைந்ததைப் பிடுங்கிக்கொண்டால் எவனுக்கு உழைக்கத் தோன்றும் என்பது அவர் கேள்வி. ரிசாலைப் படிக்காமல் இங்கே கல்லூரியைத் தாண்ட முடியாது, 1956இலிருந்து சட்டம். நீங்கள் அனுப்பும் பிள்ளைகள் அந்த ரிசாலைப் படித்த ஆசிரியர்களிடம்தான் படிக்கப் போகிறார்கள். அவர்கள் கையில் அந்தப் பழைய பழியை அச்சடித்துக் கொடுத்து அனுப்புகிறீர்கள்.

சொந்தக் கலாசாரம் இல்லையாம். ஸ்பெயின் முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆண்டது, 1898இலிருந்து அமெரிக்கா, நடுவில் ஜப்பான். பெயரும் மதமும் வந்து சேர்ந்தது உண்மை. ஆனால் என் மகனின் கூட்டாளிகள் வீட்டுக்குள் நுழைந்ததும் என் கையை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொள்கிறார்களே, அது என்ன? 'போ' என்ற சொல்லைக் கேட்டு நம் பிள்ளைகள் முதல் வாரம் சிரிப்பார்கள். அது நம் 'ங்க'. ஆமாங்க, இல்லைங்க, வாங்க. பெரியவர்களிடம் அது இல்லாமல் பேசினால் வளர்ப்பு சரியில்லை என்று இங்கேயும் சொல்வார்கள். ஐம்பத்து மூன்று வயது அம்மா பதினெட்டு வயதுப் பையனுக்கு அந்தப் 'போ'வைச் சேர்த்துப் பேசினார். அவனுக்கு அது புரியவே இல்லை. புரிய வைத்திருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

நமக்கும் இவர்களுக்கும் பொதுவாக இன்னொன்று உண்டு. கேட்பவரையும் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள் என்று தமிழில் பிரிக்கிறோம். இவர்கள் பேசும் தகாலோக் மொழியிலும் அப்படியே: தாயோ, கமி. டப்பாவைத் திறந்தவுடன் பக்கத்தில் யார் இருந்தாலும் "காயின் தாயோ" என்பார்கள், நாம் சாப்பிடுவோம். பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த விர்ஹிலியோ என்ரிகெஸ், இவர்களுடைய அறத்துக்கு அடிமரம் 'காப்வா' என்றார். எதிரில் இருப்பவனும் நானும் வேறில்லை என்ற உணர்வு. வேற்று ஆள் ஒருவகை, வேற்று ஆள் இல்லாதவர் ஒருவகை என்று மனிதர்களை இவர்கள் எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதையும் அவர் விளக்கியிருக்கிறார். ஆத்தே அந்தப் படிவத்தில் 'தீத்தா' என்று எழுதிய நிமிஷமே உங்கள் பையன் வேற்று ஆள் இல்லாதவன் ஆகிவிட்டான். ஏழாம் பக்கம் செய்வது என்ன? இந்த ஊரையே பிள்ளைகளுக்கு வேற்று ஊராக்கிவிடுகிறது. அவர்கள் விமானம் ஏறும் முன்னாலேயே.

இவர்களிடம் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. உள்ளக்கடனைச் சொல்லி ஓட்டு வாங்கும் அரசியல்வாதி இங்கேயும் உண்டு. கூட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகப் பிடிக்காமல் குடிக்கிறவர்கள் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் ஒரு பிள்ளையின் சம்பளத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிடும் வீடுகளும் உண்டு. இதையெல்லாம் இவர்களே பேசுகிறார்கள், எழுதுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். தெரிந்துகொண்டு குறை சொல்வது வேறு. தெரியாமல் ஐந்து வரி எழுதுவது வேறு.

அப்புறம் கேட்கிறேன், நேரம் தவறுவது இவர்களா? 2021 நவம்பரில் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம், வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தபோது, படிப்பு செல்லுமா செல்லாதா என்று தெரியாமல் பிள்ளைகள் என் மெஸ்ஸில் உட்கார்ந்து அழுதார்கள். நிலத்தை விற்று அனுப்பிய அப்பாக்கள் ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குப் போன் செய்தார்கள், நீங்கள் எடுக்காததால். சோறு போடுகிறவளுக்கு என்ன பதில் தெரியும்? அன்றைக்கும் அந்தப் பிள்ளைகளிடம் சாப்பிட்டாயா என்று ஆத்தேதான் மேசை மேசையாகப் போய்க் கேட்டார். "குமாயின் கா நா பா?" அதைக் கேட்டுத்தான் பல பேர் தட்டை எடுத்தார்கள்.

சரி. அந்தக் கணக்கை இன்னொரு நாள் பேசலாம். கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த பேட்ச் ஆகஸ்ட்டில் வருகிறது. அதற்குள் தயவுசெய்து ஏழாம் பக்கத்தை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்த பிரதிகளைத் திரும்ப வாங்குங்கள். அந்த இடத்தில் எதையும் நீங்களாக எழுதவும் வேண்டாம். பிள்ளைகள் வந்து இறங்கும் முதல் வாரத்தில், இந்த ஊர் ஆசிரியர் ஒருவரை அழைத்து ஒரு மணி நேரம் பேசச் சொல்லுங்கள். என் மெஸ் கூடத்தைத் தருகிறேன், டீயும் நான் போடுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பையன்களையும் ஆத்தே வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன். சின்னவன் வர ஒப்புக்கொண்டுவிட்டான். பெரியவன் மூன்று நாள் என் கண்ணைப் பார்க்காமல் இருந்துவிட்டு, நேற்று அவனாகவே வந்து எத்தனை மணிக்கு என்று கேட்டான். இங்கே மனஸ்தாபம் என்றால் நடுவில் ஒரு பெரிய மனுஷர் உட்கார்ந்து பேசுவது வழக்கம். உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தால் மரியாதையாக இருக்கும். அந்தக் கையேட்டை எழுதியவரே வந்தால் இன்னும் நல்லது.

பாக்கோர் ஜீப்னி சபோத்தேயில் கிடைக்கும். நாலு மணிக்கு அங்கே நிற்போம். வெறுங்கையோடு வர வேண்டாம், ஏதாவது பலகாரம் வாங்கி வாருங்கள். பணம் மட்டும் கொண்டுவராதீர்கள்.

இப்படிக்கு,
லாஸ் பின்யாஸ் மெஸ்காரி