அப்பாவின் மணிக்கூட்டில் கை வைக்காதே

மட்டக்களப்பு

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் சுகம். மழை விடாமல் பெய்கிறது. வாவி நிரம்பிவிட்டது, முகத்துவாரத்தை வெட்டவேண்டும் என்று சனம் கதைக்கத் தொடங்கிவிட்டது.

அப்பாவின் ரோலெக்ஸை மருமகனிடம் கொடுத்தனுப்பு, சூரிச்சில் புதுசு மாதிரி ஆக்கி எடுக்கிறேன் என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு மச்சான். மருமகன் என் கடைக்கு வந்தபோது அவன் கையிலும் ரோலெக்ஸின் சப்மரைனர், சுழியோடிகளுக்கென்று செய்த மணிக்கூடு, 2020இல் வந்த 124060 மாடல். அப்பாவுடையதும் சப்மரைனர்தான், பழைய 5513 மாடல், அதை எடுத்துப் பக்கத்தில் வைத்து வடிவாகப் பார்த்தேன். இரண்டிலும் தேதி இல்லை, முகமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பழையது 40 மில்லிமீற்றர், புதியது 41. கையில் போட்டால் வித்தியாசம் அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. பழைய செயின் உள்ளே வெறும் கோறை, ஆட்டினால் கிலுகிலுக்கும். புதியது கனம், கை வீங்கினால் கொக்கியிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தலாம். நம் ஊர் வெக்கைக்கு அது பெரிய உபகாரம்.

இரவு கல்லடிப் பாலத்தில் நின்று இரண்டையும் பார்த்தோம். அவனுடையது நீலமாக எரிகிறது. அப்பாவுடையதில் ஒன்றுமே தெரியவில்லை. டயலின் அடியில் பொடி எழுத்தில் ‘டி’ என்று இருக்கிறதே, அது ட்ரிட்டியம், இருட்டில் ஒளிர வைக்கும் கதிரியக்கப் பொருள். 12 வருடத்துக்குச் சற்றுக் கூட ஆனால் அது பாதியாகிவிடும். 1970களில் வாங்கியது, நாலு தடவை பாதியானால் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். ஆனால் பகலில் பார், வெள்ளைப் புள்ளியெல்லாம் பழுத்து நெய் நிறமாகிக் கிடக்கிறது. டயலைச் சுற்றியிருக்கும் கறுப்பு வளையம் வெயில் பட்டுச் சாம்பல் பூத்திருக்கிறது. புதியதில் அது செரமிக், எத்தனை வருடம் போனாலும் வெளிறாது. கல்லில் அடிபட்டால் உடையும், அது வேறு கதை. பழைய அக்ரிலிக் கண்ணாடியில் கீறல் விழுந்தால் பற்பசை தொட்டுத் தேய்த்தே போக்கிவிடுவேன்.

தினம் கட்ட, வாவியில் குளிக்க என்றால் புதியதுதான், அதில் எனக்கு மறுபேச்சில்லை. 300 மீற்றர் ஆழம் தாங்கும், கழற்றி வைத்தாலும் 70 மணித்தியாலம் ஓடும். அப்பாவுடையது இரண்டு நாளில் நின்றுவிடும். தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதே.

அதற்காக அதைப் புதுசாக்கப் போகாதே. டயலையும் முள்ளையும் மாற்றினால் இரவில் ஒளிரும், சரி. ஆனால் பழசு தேடி வாங்குகிறவன் காசு கொடுப்பதே அந்தப் பழுத்த டயலுக்குத்தான். கேஸைப் பொலிஷ் போட்டால், செயினைப் பிடித்திருக்கும் காதுகளின் விளிம்பு கரைந்துபோகும், போனது போனதுதான். விற்கமாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் அப்பா பார்த்த டயல் அது.

மருமகனிடம் கொடுத்துவிடுகிறேன். சூரிச் கடையில் கொடுக்கும்போது எழுத்திலேயே கொடு: மெசினைக் கழுவி எண்ணெய் விட வேண்டும், ரப்பர் வளையங்களை மாற்ற வேண்டும், வேறு எதையும் தொடக்கூடாது. ஏதாவது மாற்றியே ஆகவேண்டும் என்றால் கழற்றிய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்.

அப்புறம், அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி? அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்